அக்காவின் ராத்திரிச் சோறு

அக்கா,

கீழ்வீட்டுப் பர்மாக்காரி மா டின் வேர்க்கடலை வறுத்து இடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வாசனை மாடிப்படி ஏறி வந்து என் அடுப்பங்கரையில் நிற்கிறது. நீ போன நாளிலிருந்து நான் கல்லு மாதிரி இருக்கிறேன். பந்தலில் எல்லாரும் ஒப்பாரி வைத்தபோதுகூட எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. "கூடப்பிறந்தவ, கண்ணுல தண்ணி இல்ல பாருங்க" என்று அண்ணி யாரிடமோ குறைப்பட்டாளாம். இன்றைக்கு இந்தக் கடலை வாசனைக்காவது அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் வீசினேன். கீழேயிருந்து மா டின் "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று பர்மாப் பேச்சில் கத்தினாள்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. சற்று முன்னால் அண்ணன் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டுப் போனது. நாளைக்கு உன் கருமாதி. இன்று ராத்திரி படையல். "அக்காவுக்கு என்னென்ன பிடிக்கும்னு உங்ககிட்டக் கேட்டுக்கிட்டு வரச் சொன்னாங்கம்மா. இலையில வைக்கணுமாம்."

கேட்டாயா அக்கா! இத்தனை வருஷம் அந்த வீட்டில், அந்தக் கூரைக்குக் கீழே இருந்தாய். அவர்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டினாய், அவர்கள் துணியைத் துவைத்தாய், அவர்களுக்கு மாவாட்டினாய். உனக்கு என்ன பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதாம். எப்படித் தெரியும்? கேட்டிருந்தால்தானே? "எனக்குத் தெரியாதுன்னு போய்ச் சொல்லு" என்று ஆளை அனுப்பிவிட்டேன். எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

அத்தான் காலராவில் போனபோது உனக்கு இருபது வயசுகூட ஆகவில்லை. வெள்ளைச் சேலையைக் கொடுத்த கையோடு உன் சாப்பாட்டையும் மாற்றினார்கள். மத்தியானம் ஒரு வேளை சோறு, அதுவும் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு. பொழுது சாய்ந்தால் சோறு கிடையாது. ரொம்பப் பசித்தால் ஒரு கை அவல், ஒரு வாழைப்பழம். தாலியறுத்தவள் ராத்திரி சோறு தின்னக்கூடாது, நம் வீட்டு வழக்கம் என்றார் அண்ணன். வழக்கமாம்! கடல் தாண்டக்கூடாது என்பதும்தான் நம் வீட்டு வழக்கம். அவர் தாண்டி ரங்கூனுக்கு வரவில்லையா? துரை வீட்டில் கிறிஸ்துமஸுக்குக் கேக் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறவர்தானே? அந்தக் கேக்கில் முட்டை இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதாக்கும்.

நீ என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மா டின் படியோரம் ஒதுங்கி உன்னைக் கும்பிடுவாள், நினைவிருக்கிறதா? இந்த ஊர்ப் பொங்கிகள், புத்த சாமியார்கள், உச்சிப்பொழுதுக்கு மேல் சாப்பிட மாட்டார்கள். நீயும் அப்படி ஏதோ பெரிய விரதம் எடுத்திருக்கிறாய் என்று அவள் நினைத்துவிட்டாள். "எப்ப விரதத்தை முடிக்கிறாங்க?" என்று என்னிடம் கேட்டாள். அவர்களுக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும். இங்கே ஒருவன் காவி உடுத்துவான், முடியவில்லையென்றால் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தட்டைப் போட்டு உட்காருவான், ஒரு பொல்லாப்பும் இல்லை. "முடிக்கிறதே இல்லை" என்றேன். அவள் இன்னும் கீழே குனிந்து கும்பிட்டாள். நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாய். "பாவம், அவளுக்குச் சொல்லாதேடி. ஒருத்தியாவது என்னைப் பெரிய மனுஷின்னு நினைச்சுக்கட்டும்" என்றாய். நானும் சொல்லவில்லை.

அப்புறம் அந்தக் கப்பல் பயணம். என் வீட்டுக்காரர் அரிசி வியாபாரியிடம் வேலை பார்ப்பதால் அவரை மேடானுக்கு அனுப்பியிருந்தார்கள். சுமத்ராவில், டச்சுக்காரன் ஆளுகிற ஊர். அங்கே புகையிலைத் தோட்டத்துக் கூலிகளுக்கெல்லாம் நம் ரங்கூன் அரிசிதான் போகிறது. சில மாதம் தங்க வேண்டியிருக்கிறது, நீயும் வந்துவிடு என்று எனக்கு எழுதினார். நான் தனியாக எப்படிக் கப்பலேறுவது? அண்ணன் உன்னைத் துணைக்கு அனுப்பினார். அதில் பெருந்தன்மை ஒன்றுமில்லை. அண்ணிக்குப் பிள்ளைகள் இருந்தன. ஆள் வைத்தால் கூலி. நீதான் சும்மா கிடைத்தாய்.

கப்பல் சமையலை நீ கையால்கூடத் தொட மாட்டேன் என்றாய். ஒரு தகர டப்பா நிறைய அவல் கொண்டு வந்திருந்தாய். பினாங்குக்குப் போவதற்குள் மேல்தட்டில் அலை அடித்து டப்பாவுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து அவல் கூழாகிவிட்டது. அதற்கப்புறம் உனக்குத் தண்ணீரும் நாலு பழமும்தான். பினாங்கில் வேறு கப்பல் மாறி, கரை இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேடான் ஸ்டேஷனில் வந்து நின்றபோது நடுராத்திரி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரரைக் காணோம். மறுநாள் கப்பலில்தான் வருவோம் என்று அவர் நினைத்திருந்தார். பாஷை தெரியாத ஊரில் இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள். நீ பெட்டிமேல் உட்கார்ந்து எதிரே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஸ்டேஷனுக்கு எதிரே பெரிய மைதானம். அதன் ஓரத்தில் வரிசையாக மண்ணெண்ணெய் விளக்குகள். ஒவ்வொரு விளக்குக்குப் பின்னாலும் ஒரு ஆள், ஒரு கூடை, ஒரு அடுப்பு. ஒரு பக்கம் இறைச்சியைக் குச்சியில் கோத்துச் சுட்ட புகை. நாம் அந்தப் பக்கம் போகவில்லை. இந்தப் பக்கம் ஒரு ஜாவாக்காரி கூடைக்கு முன்னால் குந்தியிருந்தாள். தட்டையான கல் சட்டியில் வறுத்த வேர்க்கடலையும் மிளகாயும் பனைவெல்லமும் போட்டு நசுக்கி, புளித்தண்ணீர் விட்டுக் குழைத்தாள். வேகவைத்த கீரை, முளை கட்டிய பயறு, வாழையிலையில் சுருட்டி வேகவைத்த சோற்றுக்கட்டி. அந்தக் கட்டியை நறுக்கி, கீரையை மேலே பரப்பி, கடலைக் குழம்பை ஊற்றி இலையோடு நீட்டினாள். கூலிக்காரர்கள் நின்றபடியே வழித்துத் தின்றுவிட்டுப் போனார்கள். ஒரு செப்புக் காசுக்கு அத்தனையும்.

"கேளுடி, மீன் கீன் போடுவாளான்னு கேளு" என்றாய். கேட்டது நீ! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் என் கையை மீன் மாதிரி நெளித்துக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்து, இல்லை இல்லை என்று தானும் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, ஒரு கறுப்புக் கட்டியிலிருந்து துளி கிள்ளி, விளக்குத் தீயில் வாட்டி, சட்டியில் போட்டு நசுக்கினாள். வாசனை வந்தது பார்! ரங்கூனில் பழகிய மூக்குக்கு அதைச் சொல்லித் தரவா வேண்டும்? நாப்பி. மீனையும் கூனி இறாலையும் புளிக்க வைத்து இந்த ஊர்க்காரர்கள் எதிலும் போடுவார்களே, அதே நாப்பி. பக்கத்து வீட்டில் அது வதங்கினால் அண்ணி வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவாள்.

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன்.

"நாப்பிடி."

"ஆமாக்கா."

"ரங்கூன் நாப்பியாயிருந்தா தீட்டு. இது எந்த ஊர் நாப்பியோ, யார் கண்டா" என்று சொல்லிக் கையை நீட்டி இலையை வாங்கிவிட்டாய். ஐயோ அக்கா, அன்றைக்கு உன்னை அப்படியே கட்டிக்கொள்ளணும்போல இருந்தது.

நீ சாப்பிட்டதை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு மெல்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாய். அப்புறம் வேகம் வேகமாகத் தின்றாய். குழம்பு முழங்கை வரை வழிந்தது. ஜாவாக்காரி "லாகி?" என்றாள். இன்னும் வேணுமா என்று அர்த்தம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அர்த்தம் தெரியாமலேயே நீ தலையாட்டினாய். இரண்டாவது இலையைப் பாதி தின்றுகொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் யாரோ சொல்லி விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவரைக் கண்டதும் நீ இலையை முந்தானைக்குள் ஒளித்தாய். வெள்ளைச் சேலையில் குழம்பு இறங்கியது. மனுஷன் அதைப் பார்த்தார். உன் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தனக்கும் ஒரு இலை கேட்டு வாங்கி, ஒரு வாய் தின்று பார்த்து, "உறைப்புப் பத்தலை, இல்லக்கா?" என்றார். நீ முந்தானைக்குள்ளிருந்து இலையை வெளியே எடுத்தாய். "கொஞ்சம் பத்தலைதான் தம்பி" என்றாய்.

அந்த மாதங்கள் முழுக்க ராத்திரியானால் "கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் நடந்துட்டு வருவோமா?" என்பாய். எங்கே நடப்பாய் என்று எங்களுக்குத் தெரியாதா? நேரே மைதானத்துக்குத்தான். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது ஒரு நாள், இஞ்சியும் பனைவெல்லமும் போட்டுக் கொதிக்க வைத்த பானம் ஒரு நாள், ஆனால் கடைசியில் அந்த ஜாவாக்காரியிடம் போய் நின்றுவிடுவாய். அவளும் உன்னைக் கண்டால் மீன் மாதிரி கையை நெளித்துக் காட்டிச் சிரிப்பாள். உன் கன்னத்தில் சதை பிடித்தது. தலைமுடி கொட்டுவது நின்றது. ஒரு ராத்திரி திரும்பி நடக்கும்போது, "எனக்கு இவ்வளவு பசிக்கும்னு எனக்கே தெரியாதுடி" என்றாய். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

சரி, ரங்கூனுக்குத் திரும்பினோம். உன் வாய் சும்மா இருந்திருக்கக்கூடாதா? "என்ன, ஒரு சுத்து பெருத்து வந்திருக்கே?" என்று அண்ணி ஒரு வார்த்தை கேட்டதற்கு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாய். நாப்பியைக்கூட விடவில்லை. அவளும் சிரிப்பாள் என்று நினைத்தாயாம்! எனக்கு உன்மேல் கோபம் அக்கா. ஊரார்மேல் இருப்பதைவிட உன்மேல்தான் சில நேரம் அதிகமாக வருகிறது.

அண்ணன் கத்தவில்லை, திட்டவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஐயரை வரவழைத்து உனக்குப் பஞ்சகவ்யம் கொடுத்தார். பசுவின் சாணமும் மூத்திரமும் கலந்ததை நீ கண்ணை மூடிக்கொண்டு குடித்தாய். அதே கடலைத் தாண்டி வந்து, அதே துரையிடம் கைகட்டி நிற்கிறவருக்கு அதில் ஒரு சொட்டு வேண்டியிருக்கவில்லை. "வெளியூர்ல நடந்தது நடந்துபோச்சு. இந்த வீட்டுல வேணாம்மா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அன்று முதல் ராத்திரி அடுப்பங்கரை பூட்டியிருந்தது. சாவி அண்ணி இடுப்பில் தொங்கியது.

அப்புறம் உனக்குச் சாயந்திரக் காய்ச்சல் வந்தது. இருமல் வந்தது. மேடானில் பிடித்த சதையெல்லாம் போய் நெஞ்செலும்பு தெரிந்தது. வங்காளி டாக்டர் வந்து பார்த்தார். நானும் அங்கேதான் நின்றேன். வெறும் வயிற்றோடு தூங்க விடாதீர்கள், ராத்திரி கட்டாயம் சோறும் பாலும் கொடுங்கள், மருந்தைவிட அது முக்கியம் என்று ஹிந்துஸ்தானியில் பச்சைப்பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொன்னார். அண்ணன் தலையை ஆட்டினார். பீஸ் கொடுத்தார். வாசல்வரை போய் வழியனுப்பினார். ராத்திரி உனக்கு மருந்து வந்தது, தண்ணீர் வந்தது, ஒரு வாய்ப் பால் வந்தது. சோறு வரவில்லை.

நான் சண்டை போட்டேன். உனக்கே தெரியும், நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய்.

"நாலு பேர் வந்து போற வீடும்மா இது" என்றார் அண்ணன்.

"அந்த நாலு பேரையும் கூப்பிடுங்க. ராத்திரி பசிச்சா அவங்க என்ன பண்ணுறாங்கன்னு நான் கேக்குறேன்."

"உனக்கு எப்பவும் வாய் அதிகம்."

"அவளுக்கு இல்லையே, அதுதான் இப்படிக் கிடக்குறா. என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், விடுங்க."

"தங்கச்சியை வச்சுக் காப்பாத்த வக்கில்லைன்னு ஊர் சொல்லணுமா?"

ஊர், ஊர், ஊர். அந்த ஊரில் ஒருத்தன் உனக்கு ஒரு பிடி சோறு கொண்டு வந்தானா? நான் கொண்டு வந்தேன். ராத்திரி என் வீட்டுக்காரர் லாந்தர் பிடிக்க, தூக்குப் போசியில் குழைய வடித்த சோறும் ரசமும் எடுத்துக்கொண்டு வந்தேன். நீ வாயைத் திறக்கவில்லை. "இந்த வாசப்படிக்குள்ள வேண்டாம்டி. அண்ணன் மனசு கஷ்டப்படும். மேடான்ல சாப்பிட்டேன், அது போதும்" என்றாய். அது போதுமாம்! யாருக்குப் போதும்? உன் வயிறு என்ன புகையிலைத் தோட்டத்துக் கிட்டங்கியா, ஒரு வருஷத்துக்குச் சேர்த்து வைக்க? அந்தச் சோற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு வரும் வழியெல்லாம் நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பொய் எழுதினதாகும். அவர்கள் உன்னை வெறுக்கவில்லை. அண்ணி உனக்குக் கால் பிடித்துவிட்டாள். நீ வாந்தியெடுத்ததைக் கையில் ஏந்தினாள். ராத்திரி முழுக்க உன் பக்கத்திலேயே விழித்திருந்தாள். எல்லாம் செய்தாள், சோறு மட்டும் போடவில்லை. அடித்து விரட்டியிருந்தால் நான் போலீஸைக் கூப்பிட்டிருப்பேன். கால் பிடித்துவிடுகிறவளை என்ன செய்வது?

நீ போன அன்று விடிகாலையில் ஆள் வந்து சொல்லி நான் ஓடி வந்தேன். வாசலில் அண்ணி வந்தவர்களிடம் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். "கடைசிவரைக்கும் ஆசாரம் தப்பலைங்க. நடு ராத்திரியில முழிச்சு, ‘அண்ணி, பசிக்குது, ஒரு பிடி சோறு குடுங்க’ன்னா. விடியட்டும்மான்னேன். சரின்னு கண்ணை மூடிக்கிட்டா. அப்படியே போயிட்டா. மகராசி." கேட்டவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். "எப்பேர்ப்பட்ட பொம்பளை" என்றார்கள்.

நீ கேட்டாய், அக்கா. கேட்கவே மாட்டாதவள், இந்த ஜன்மத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து உன் வயிற்றுக்காகக் கேட்டாய். அந்த வாயில் விழுந்தது அண்ணன் போட்ட வாய்க்கரிசிதான். வேளை பார்க்காமல் அவர் உனக்கு ஊட்டிய அரிசி அது ஒன்றுதான். நான் வாய்க்கரிசி போடவில்லை. எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பொழுது சாய்கிறது. என் வீட்டுக்காரர் வந்துவிட்டார், படையலுக்குக் கிளம்பச் சொல்கிறார். போகப் பிடிக்கவில்லை, ஆனால் போகிறேன். வந்து எழுதுகிறேன்.

---

போய்விட்டு வந்துவிட்டேன்.

நீ படுத்திருந்த அந்தச் சின்ன அறையில்தான் இலை போட்டிருந்தார்கள். தலைவாழை இலை. வடை, பாயசம், அதிரசம், கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம், நடுவில் கோபுரம் மாதிரி வெள்ளைச் சோறு. ஆவி பறந்தது. அண்ணன் கற்பூரம் காட்டினார். குரல் உடைந்து போய், "வாம்மா, வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போ" என்று இலையைப் பார்த்துக் கூப்பிட்டார். கன்னத்தில் நிஜமாகவே தண்ணீர் ஓடியது. அப்புறம் வழக்கப்படி எல்லாரும் வெளியே வந்தார்கள். நீ வந்து சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்தினார்கள். கூடத்தில் அவ்வளவு சனமும் மூச்சுக்காட்டாமல் நின்றது.

நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"என்னம்மா பண்ணுறே? சாத்து" என்றார் அண்ணன்.

"யாரைக் கூப்பிட்டீங்க?"

"யாரையா? உன் அக்காவைத்தான்."

"ராத்திரியாச்சே அண்ணா. அவ ராத்திரி சோறு சாப்பிடக்கூடாதே. இலையை எடுக்கச் சொல்லுங்க. விடியட்டும்."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "எங்கம்மாவும் ஊர்ல இப்படித்தான் இருந்தாங்க. எனக்கு வேற என்ன தெரியும்?" என்றாள்.

"பசின்னா என்னன்னு தெரியுமில்ல?" என்றேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்கலாம், வரவில்லை.

"சாவு வீட்டுல வந்து இப்படிப் பேசாதே. வெளியே போ" என்றார் அண்ணன்.

"போறேன். நாளைக்கு வர மாட்டேன். ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. உங்களுக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. அதுகளுக்கு நான் அத்தை. நாளைக்கு அதுகள்ல ஒண்ணுக்கு என்ன வந்தாலும், எந்த நேரமானாலும், என் வீட்டு அடுப்பங்கரைக்குப் பூட்டுக் கிடையாது. அதுகளுக்குக் கேக்கணும்னுதான் இவ்வளவு சத்தமாச் சொல்றேன்."

பெரியவள் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். யாரோ ஒரு கிழவர் "பொம்பளைக்கு இவ்வளவு ஆகாது" என்று முணுமுணுத்தார். என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு என் பின்னால் இறங்கி வந்தார்.

டல்ஹௌசி வீதியில் பர்மாக்காரிகள் விளக்கு வைத்துக்கொண்டு தின்பண்டம் விற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் நடந்தோம். எனக்குத் தாங்கவில்லை. "இங்க பாருங்க, நீங்க எனக்கு முந்திப் போயிட்டீங்கன்னா, அன்னைக்கு ராத்திரியே நான் உட்கார்ந்து சோறு தின்பேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றேன். எந்தப் பெண்சாதி புருஷனிடம் சொல்லும் பேச்சு இது? அவர் கொஞ்ச தூரம் நடந்தார். "சாப்பிடு. ஆறிப்போனதைச் சாப்பிடாதே, சூடா வடிச்சுச் சாப்பிடு" என்றார்.

அப்போதுதான் அழுதேன், அக்கா. நடுத்தெருவில் நின்று, போகிற வருகிற ரிக்ஷாக்காரர்கள் பார்க்கப் பார்க்க, கேவிக் கேவி அழுதேன்.

போகப் போக ஆறிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆற விட மாட்டேன். உன்னிடமிருந்து எனக்கு நகை வரவில்லை, சேலை வரவில்லை. இந்தக் கோபம் ஒன்றுதான் வந்தது. அந்த இரண்டு பெண்களும் பெரியவர்களாகிறவரைக்கும் இது எனக்கு வேண்டும்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். இப்போது நடு ராத்திரி தாண்டிவிட்டது. தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றி, பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் சாப்பிடுகிறேன். ஆனால் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன்.